ழான் லார்ம் ஆற்ற மோன்?

குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்றுக்கொள்ளாதாம். போன மாதம் ஒருவர் ரெலிபோன் எடுத்து என்னிடம் இதைச் சொன்னார். நான் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது. கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். டாக்டருக்கு என்ன, அந்தக் கட்டத்தில் நிரப்ப அவரிடம் ஒரு பெயர் இருக்கிறது.

எடுத்தவர் பெயர் கார்த்திக். சென்னைக்காரர். இங்கே மொன்றியலில், சென்ட் லோரன்டில் ஒரு கணினிக் கம்பனியில் வேலை. நான் பதினாறு வருடம் வேலை செய்த வம்சாவளிக் கந்தோரை அதன் முதலாளி விற்றுவிட்டார். அங்கே இழுப்பறைகளில் இருந்த அட்டைகள் முழுவதையும் கணினியில் ஏற்றும் வேலை இவர்களிடம் வந்திருக்கிறது.

"சார், ஒரே ஆளுக்கு ரெண்டு கார்டு இருக்கு சார். ஜீன் லார்மேன்னு..."

"ழான் லார்ம்," என்றேன்.

"அதான் சார். ஒரு கார்டுல எல்லா ஃபீல்டும் இருக்கு. இன்னொண்ணுல சர்நேம் காலி. வாசிச்சவர் கையெழுத்தும் ஸ்டாஃப் லிஸ்ட்ல யாரோடயும் மேட்ச் ஆகல. இங்க எல்லாரும் ஏதோ கிறுக்கல்னு விட்டுட்டாங்க. நான் பாத்தா தமிழ் சார்! யேசுதாசன்னு இருக்கு. பழைய செகரட்டரி கிட்ட கேட்டேன், உங்க நம்பரைக் குடுத்தாங்க."

"அது நான்தான் தம்பி."

"ஆனா லிஸ்ட்ல யேசுதாசன்னு யாருமே இல்ல சார். சாந்தியான்னு ஒருத்தர்தான் இருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா சிஸ்டம் அந்தக் கார்டை எடுத்துடும். மத்தது மட்டும்தான் நிக்கும்."

அந்த மற்றது பொய். பொய் என்று தெரிந்தே எழுதப்பட்ட பொய். அதில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது என்பதற்காக அது நிற்குமாம். உண்மையில் ஒரு கட்டம் வெறுமை என்பதற்காக அது போகுமாம். ரெலிபோனை வைத்துவிட்டு நான் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்து என் மனைவி றீற்றா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டாள்.

எங்கள் கந்தோரில் என்ன வேலை நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சுதந்திரப் போர் நடந்தபோது பிரித்தானிய அரசர் ஜெர்மன் சிற்றரசர்களிடமிருந்து சிப்பாய்களை வாடகைக்கு எடுத்து இந்தப் பக்கம் அனுப்பினார். போர் முடிந்ததும் ஒரு தொகையினர் திரும்பிப் போகவில்லை. கியூபெக் கிராமங்களில் பிரெஞ்சுப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். கல்யாணத்தைப் பதிந்த பாதிரியாருக்கு ஜெர்மன் தெரியாது. மாப்பிள்ளை சொன்ன பெயரைத் தன் காதில் விழுந்தபடி பிரெஞ்சில் எழுதிவைத்தார். அதனால் இன்று சுத்தப் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல குடும்பங்களின் முதல் ஆள் ஒரு ஜெர்மன் சிப்பாய். அந்தச் சிப்பாயின் உண்மைப் பெயர் என்ன, எந்த ஊர், தாய் தகப்பன் யார் என்று தேடிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

இதற்குள் மன்னாரான் ஒருவன் எப்படிப் போய் விழுந்தான் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் இரண்டு வருடம் குருமடத்தில் இருந்தேன். அங்கே இலத்தீன் படித்தேன், பிறகு குருவாகும் எண்ணம் விட்டுப்போனது, இலத்தீன் விடவில்லை. மொன்றியலுக்கு வந்து சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தபோது, பழைய கோயில் பதிவேடு வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். போனேன். பிரெஞ்சையும் பழைய ஜெர்மன் கையெழுத்தையும் அங்கேதான் படித்தேன். அந்தக் கையெழுத்தில் 'எ'யும் 'ன்'னும் பார்ப்பதற்கு ஒன்று. அதைப் பிரித்தறியவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கந்தோர் துறைமுகத்துக்கு மேலே ஒரு பழைய தெருவில் இருந்தது. முதலாளி முசியே ரிவார். கத்தமாட்டார், மேசையில் குத்தமாட்டார். பத்து மணிக்கு ஒரு அப்பிளைக் கத்தியால் எட்டாக வெட்டிச் சாப்பிடுவார். பென்சிலால் மட்டுமே எழுதவேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. மேலே பெயர், குடும்பப் பெயர். கீழே தாய் தகப்பன், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அதற்கும் கீழே எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம். அட்டையின் அடியில் இரண்டு கையெழுத்து: இடப்பக்கம் வாசித்தவர், வலப்பக்கம் சரிபார்த்தவர். மகனையும் தகப்பனையும் இணைத்து ஒரு கோடு போடவேண்டுமென்றால் மூன்று கடதாசி காட்டவேண்டும். இரண்டு இருந்தாலும் போடக்கூடாது. "கோடு போடுவதற்குக் கை அரிக்கும், சாந்தியா. அரித்தால் கையைப் பொக்கற்றுக்குள் வையுங்கள்," என்பார். இங்கே அவர் பிரெஞ்சில் சொன்னவற்றைத் தமிழில் எழுதுகிறேன்.

பிழையான அட்டையைக் கண்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மேசையில் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான். தொடக்கத்தில் பதிவேடுகளில் பெயருக்கு நடுவே 'டி' என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. பிரெஞ்சில் அதற்கு 'என்று சொல்லப்படுகிற' என்று அர்த்தம், பட்டப்பெயரைச் சேர்ப்பதற்கு எழுதுவது. எனக்கு அது தெரியாது. டி என்றொரு பெரிய குடும்பம் இருந்ததென்று எண்ணி ஒரு கிழமையாக அந்தக் குடும்பத்துக்கு அட்டை எழுதினேன். முசியே ரிவார் அப்பிளைத் தின்றுகொண்டே என் டி குடும்பத்தை ஒவ்வொருவராகக் கவிழ்த்து வைத்தார். எனக்கு மானம் போனது. ஆனால் மனிதர் மேல் மதிப்பு வந்தது. அந்த மதிப்பைப் பல வருடம் வைத்திருந்தேன் என்பதுதான் இப்போது என்னை எரிச்சல்படுத்துகிறது.

சாந்தியா என்று அவர் கூப்பிட்டதையும் சொல்லவேண்டும். என் பெயர் சாந்தியா இல்லை. சந்தியாப்பிள்ளையும் இல்லை. அது என் ஐயாவின் பெயர்; முசியே ரிவார் அதைச் சாந்தியா என்று சுருக்கி, கந்தோர்ப் பட்டியலிலும் அதை மட்டுமே எழுதிவைத்தார். என் பெயர் யேசுதாசன். ஊரில் தகப்பன் பெயரை முன்னால் போட்டு எங்கள் பெயரைப் பின்னால் போடுவோம். கடவுச்சீட்டில் சந்தியாப்பிள்ளை யேசுதாசன் என்று ஒரே வரியில் கிடந்தது. விமான நிலையத்தில் ஒருவர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி, முதற்சொல்லை என் பெயராக்கிவிட்டார். ஐந்து நிமிட வேலை. ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி மரியதாசனுக்கும் அதே கூத்து. ஆகவே கனடாச் சட்டப்படி நாங்கள் இருவரும் சந்தியாப்பிள்ளை, ஆனால் வேறு வேறு குடும்பம். ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு இப்படி ஒரு பகிடி.

பகிடியாக நின்றிருந்தால் நான் கோபப்பட்டிருக்கமாட்டேன். அம்மா இறந்தபிறகு ஐயாவை இங்கே எடுக்க ஸ்பொன்சர் செய்தேன். ஐயாவின் பெயர் சூசைப்பிள்ளை சந்தியாப்பிள்ளை. வந்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விண்ணப்பகாரரின் குடும்பப் பெயரும் தகப்பன் என்று சொல்லப்படுபவரின் குடும்பப் பெயரும் ஒன்றல்ல, உறவு நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். தகப்பன் என்று சொல்லப்படுபவர்! பங்குச் சாமியாரின் கடிதம் எடுக்க வேண்டியிருந்தது, சத்தியக் கடதாசி எடுக்க வேண்டியிருந்தது. ஊரில் சண்டை, தபால் ஓடவில்லை. மூன்று வருடம் ஐயா காத்திருந்தார். நாங்கள் அனுப்பிய கடதாசிகளுக்குப் பதில் வருமுன்னரே போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி வந்த மற்ற நாள் வேலைக்குப் போகிறேன், "பொன்ஜூர், சாந்தியா," என்கிறார் முசியே ரிவார். ஐயாவை உள்ளே விடாதவர்கள் நாள் முழுக்க ஐயாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடந்தான் மதாம் லார்மின் வேலை வந்தது.

லூசி லார்ம் லொங்குய்யில் ஒரு பங்களாவில் தனியாக இருந்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூட ஆசிரியை. லார்ம் குடும்பத்தார் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், இவர் தலைவி. கோடையில் எல்லாரும் கூடி, முதல் மூதாதையான சிப்பாய் ழான் லார்முக்கு அவன் கல்யாணம் செய்த கோயிலடியில் ஒரு நினைவுக்கல் நாட்டப்போகிறார்கள். கல்லில் அவனுடைய தாய் தகப்பன் பெயர் வரவேண்டும். "என் தகப்பனாரும் தேடினார், கிடைக்காமலே செத்துப்போனார்," என்றார். "எனக்கு எழுபத்திநாலு வயது. நான் கண்டுபிடிக்கவேண்டும்." லார்ம் என்றால் பிரெஞ்சில் கண்ணீர். முன்னால் உள்ள 'ல்' பிரெஞ்சில் பெயர்களுக்கு முன் ஒட்டும் எழுத்து, அதைப் பிரித்து ஆர்ம் என்று வாசித்தால் ஆயுதம். சிப்பாய்தானே, ஆயுதமாகத்தான் இருக்கும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வரி. கல்யாணப் பதிவில் பாதிரியார் எழுதியது: ழான் லார்ம், ஜெர்மன் சிப்பாய், ஆர்ம் எலர் என்பவருக்கும் தேத் ழான்ஸ் என்பவளுக்கும் மகன், ஊர் யெஃப்ர்.

முசியே ரிவார் இதை இப்படி வாசித்தார். ஆர்ம் என்பது குடும்பப் பெயர், ஜெர்மனில் ஹார்ம்ஸ். 'எலர்' என்று பாதிரியார் எழுதியது பிழை. 'ல சியர்', அதாவது கனவான் என்று இருக்கவேண்டும். யெஃப்ர் என்று ஒரு ஊர் இல்லை, அது ஹனோவர். ஆகவே ஹனோவரைச் சேர்ந்த ஹார்ம்ஸ் என்ற கனவானின் மகன். அச்சுப் புத்தகம் ஒன்றில் அப்படி ஒரு ஹார்ம்ஸ் கனவானையும் கண்டுபிடித்தார், சின்னமும் கேடயமும் வாளும் எல்லாம் இருந்தது. வாள்! ஆயுதத்துக்கும் பொருந்திவிட்டது. அவருக்குக் கை அரித்தது, பொக்கற்றுக்குள் வைக்கவில்லை. கோடு போட்டார். மூன்று கடதாசி எங்கே? ஒன்றும் இல்லை. மூன்று பிழை திருத்தினால் ஒரு கனவான் கிடைக்கிறான் என்பது மட்டும்தான் இருந்தது.

நான் அந்த வரியை வாசித்தபோது எனக்கு முதலில் கேட்டது ஊர்க் கேள்விதான். மன்னாரில் புதிதாக ஒரு பையனைக் கண்டால் பெயரைக் கேட்கமாட்டார்கள். "ஆற்ற மோன்?" என்பார்கள். யாருடைய மகன் என்று. "சந்தியாப்பிள்ளையின்ர" என்றால் போதும், பத்துத் தலைமுறை விளங்கிவிடும். முசியே ரிவார் சொன்ன ஹார்ம்ஸ். கடைசியில், பிரெஞ்சுக்காரர் ஒலிக்காமல் விடும் ஒரு 'ஸ்'. ஜெர்மனில் அந்த 'ஸ்' என்ன? எங்களுடைய 'இன்ர' தான் அது. ஹார்மின்ர. இது குடும்பப் பெயரே இல்லை, ஆற்ற மோன் என்ற கேள்விக்குச் சிப்பாய் சொன்ன பதில். தகப்பன் பெயர் ஹார்ம். பாதிரியார் 'எலர்' என்று எழுதியதும் பிழையில்லை, அது எய்லர்ஸ், எய்லர்ட்டின்ர மோன். மனுசன் ஒரு எழுத்தும் பிழையாக எழுதவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்.

அப்படித் தகப்பன் பெயரையே பின்னால் வைத்துக்கொள்ளும் ஊர் ஜெர்மனியில் எங்கே என்று தேடினேன். வடக்கே கடற்கரையோரம் அந்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்கே யேவர் என்று ஒரு ஊர் இருக்கிறது. எழுதுவது யேவர், ஊரவர் சொல்வது யேஃபர். அந்தப் பக்கத்து ஆட்களும் கியூபெக்குக்கு வந்த படையில் இருந்தார்கள். கோயில் பதிவேட்டின் நுண்படச் சுருளுக்கு எழுதிப்போட்டு ஆறு கிழமை காத்திருந்தேன். வந்தபிறகு மூன்று கிழமை கண் கலங்க வாசித்தேன். ஞானஸ்நானம்: யோஹான், அதாவது பிரெஞ்சில் ழான், தகப்பன் ஹார்ம் எய்லர்ஸ், கடலணையில் மண் சுமக்கும் கூலி, தாய் தெட்டா யான்சன். அது ஒன்று. ஹார்முக்கும் தெட்டாவுக்கும் நடந்த கல்யாணம், இரண்டு. பல வருடம் கழித்து தெட்டாவின் அடக்கம். அதன் ஓரத்தில் அந்தப் பாதிரியார் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: மகன் ஒருவன் சிப்பாயாக அமெரிக்கா போனவன், செய்தி இல்லை. மூன்று.

அன்று மாலை மெற்றோவில் நின்றுகொண்டு வந்தபோது எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. செய்தி இல்லை என்று செத்த தாய்க்கு இருநூறு வருடம் கழித்துச் செய்தி என் கையில் இருந்தது.

புது அட்டை எழுதினேன். பெயர்: யோஹான். குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். இல்லாததை எப்படி எழுதுவது? கீழே, ஹார்மின் மகன். இடப்பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அந்தக் கந்தோரில் அதுவரை சாந்தியா என்று கீறிக்கொண்டிருந்தவன், அன்று முதன்முதலாகத் தமிழில் யேசுதாசன் என்று எழுதினேன். மூன்று கடதாசியின் பிரதியையும் சேர்த்து முசியே ரிவாரின் மேசையில் வைத்தேன்.

அவர் எல்லாவற்றையும் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "மகன் ஹார்ம்ஸ், தகப்பன் எய்லர்ஸ், பாட்டன் இன்னொன்று. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுவது ஒரு குடும்பம் இல்லை, சாந்தியா. ஒழுங்கீனம்," என்றார்.

"என் வீட்டிலும் அப்படித்தான், முசியே."

"நாங்கள் இங்கே ஐரோப்பியரைப் பற்றிக் கதைக்கிறோம்," என்றார் சாந்தமாக. அட்டையைக் கவிழ்த்து வைத்தார். அப்பிளை எடுத்தார்.

ஒழுங்கீனம்! தகப்பன் பெயரைத் தன்னோடு கொண்டுதிரிவது ஒழுங்கீனமாம், அந்நியன் ஒருவனுடைய வாளைத் திருடிச் சுவரில் மாட்டுவது ஒழுங்காம். கவிழ்ந்து கிடந்த அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கற்றுத்தந்த விதியின்படியே எழுதிய அட்டை அது. அவருடைய கண்ணில் ஒரு சிறு தயக்கத்தையும் கண்டேன்; அது உண்மை என்று அவருக்கு விளங்கிவிட்டது. சின்னம் போட்ட அறிக்கையைச் சங்கத்துக்கு அனுப்பியாயிற்று, கல் வெட்டக் கொடுத்தாயிற்று, இனி எப்படி வாயைத் திறப்பது என்பதுதான் கதை.

றீற்றாவிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன விசரே?" என்றாள். "ஆரோ வெள்ளைக்காரன்ர அப்பனுக்காக உள்ள வேலையையும் விடப்போறியளோ? இந்த வயசில உங்களை ஆர் எடுப்பினம்? பேசாமல் இருங்கோ."

பேசாமல் இருந்தேன். இரண்டு மாதம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றைச் செய்யவில்லை. லார்ம் குடும்பத்துக்கென்று சட்டம் போட்ட வம்சாவளிப் படத்தின் அடியிலும் அட்டையில் போலவே இரண்டு கையெழுத்து வேண்டும். முசியே ரிவார் படத்தை என் மேசையில் வைத்தார். நான் கையெழுத்து வைக்கவில்லை. மற்ற நாளும் வைத்தார். "இதை நான் வாசிக்கவில்லை, முசியே," என்றேன். அவர் எடுத்துப்போனார். தன் கையெழுத்தை இரண்டு பக்கமும் வைத்தார்.

படத்தை எடுக்க மதாம் லார்ம் நேரில் வந்தார். நான் கடதாசியும் நூலும் வைத்துக்கொண்டு சுற்றிக் கட்டுவதற்கு நின்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேடயத்தையோ வாளையோ பார்க்கவில்லை. நேரே அடிக்குப் போனார். நாற்பது வருடம் பிள்ளைகளின் றிப்போட்டில் தகப்பன் கையெழுத்து சரியா என்று பார்த்த கண்.

"இரண்டும் உங்கள் கையெழுத்தாக இருக்கிறதே, முசியே ரிவார். வாசித்தவர் யார்?"

"வாசித்தவர் விடுமுறையில் நிற்கிறார், மதாம்."

நான் ஆறடி தூரத்தில் நூலோடு நிற்கிறேன். எனக்குத் தலைக்கு ஏறியது. ஐயாவைத் தகப்பன் என்று சொல்லப்படுபவர் என்று எழுதியபோது வந்த அதே கொதிப்பு.

"நான்தான் வாசித்தவர், மதாம். விடுமுறையில் இல்லை. இங்கேதான் நிற்கிறேன்."

கவிழ்ந்த அட்டைகளைப் போடும் பெட்டியிலிருந்து என் அட்டையையும் மூன்று கடதாசியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முசியே ரிவார் தடுக்கவில்லை. ஜன்னலுக்குப் போய்த் துறைமுகத்தில் கொள்கலன் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மதாம் லார்ம் கதிரையில் இருந்து மூன்று கடதாசியையும் வாசித்தார். கூலி என்ற இடத்தில் நிற்கவில்லை. தெட்டாவின் அடக்கத்தில் நின்றார். செய்தி இல்லை என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். அப்போ லார்ம் என்றால் ஆயுதமும் இல்லை, கண்ணீரும் இல்லையா என்று கேட்டார். இல்லை மதாம், ஹார்முடையவன் என்று மட்டும்தான் என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"எப்போதிருந்து தெரியும் உங்களுக்கு?"

"இரண்டு மாதமாக."

"இரண்டு மாதம்!" எழுந்துவிட்டார். "கல் வெட்டும்போது உங்களுக்குத் தெரியும். நான் லொங்குய்யில் இருக்கிறேன், ஆற்றைத் தாண்டினால் என் வீடு. ரெலிபோன் இருக்கிறது. அவர் பொய் சொன்னார், சரி. நீங்கள் என்ன செய்தீர்கள்? நூல் கட்டிக்கொண்டிருந்தீர்கள்!"

கையிலிருந்த நூலை மேசையில் வைத்தேன்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். மதாம் லார்ம் சங்கத்தைக் கூட்டி உண்மையைச் சொன்னார். வாள் போட்ட தொப்பியும் கோப்பி குடிக்கும் கோப்பையும் ஏற்கனவே அடித்துவிட்டார்கள். மச்சான்மார் வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒருவருக்குத் தகப்பன் யார் என்பதற்கு வாக்கெடுப்பு! கடலணைக் கூலி தோற்றான், கனவான் வென்றான். கல் கனவான் பெயரோடு நாட்டப்பட்டது. மதாம் லார்ம் தலைவிப் பதவியை எறிந்துவிட்டு அந்த விழாவுக்கே போகவில்லை. இன்று இன்டர்நெட்டில் யார் யாரோ அந்த வாளைத் தங்கள் வம்சத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒட்டினால் மற்றவர் அதைப் பார்த்து ஒட்டுகிறார். ஒரு கடதாசி கேட்பாரில்லை.

மதாம் லார்ம் ஒரு காரியம் செய்தார். கந்தோருக்கு வந்து முசியே ரிவாரின் முன்னால் நின்று, "இந்த அட்டை என் குடும்பத்துடையது. இழுப்பறையில் நிமிர்த்தி வையுங்கள். நான் பார்த்துவிட்டுத்தான் போவேன்," என்றார். அவர் வைத்தார். வலப்பக்கத்தில் சரிபார்த்தவர் என்று கையெழுத்தும் போட்டார். என்னை வேலையால் நிறுத்தவுமில்லை. அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பொய் அட்டையையும் அவர் எடுக்கவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. போன மாரியில் மதாம் லார்ம் காலமானார். உண்மை இருந்த இடம் அந்த ஒரு அட்டை மட்டும்தான். அதைத்தான் வெள்ளிக்கிழமை எடுத்துவிடப்போவதாகக் கார்த்திக் சொன்னார்.

வியாழக்கிழமை பஸ் எடுத்துச் சென்ட் லோரன்டுக்குப் போனேன். இந்த முறை இரண்டு மாதம் நிற்கவில்லை. விதிப்படி மூன்று கடதாசி கொண்டுபோனேன். என் ஞானஸ்நானப் பத்திரம், அதில் சந்தியாப்பிள்ளையின் மகன் யேசுதாசன் என்று இருக்கிறது. உறவு நிரூபிக்கப்படவில்லை என்ற அந்தக் கடிதம். மூன்றாவது, ஓய்வுபெற்ற அன்று கந்தோரில் தந்த பித்தளைத் தகடு: பதினாறு வருட நல்ல சேவைக்காகச் சாந்தியாவுக்கு நன்றி. கனடாவில் ஒரு நாளும் காலடி வைக்காத ஐயாவுக்குக் கிடைத்த நன்றி அது. றீற்றா அதை ஐயாவின் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தாள். கழற்றித் தந்தபோது, "போயிட்டு வாங்கோ," என்றாள். விசரோ என்று கேட்கவில்லை.

கார்த்திக் மூன்றையும் பார்த்தார். கடிதத்தை நீண்ட நேரம் பார்த்தார்.

"சார், எனக்கும் இதேதான். இங்க எல்லாரும் என்னை மிஸ்டர் சுப்ரமணின்னு கூப்பிடறாங்க. அது எங்கப்பா. ஊர்ல சைக்கிள் கடை வெச்சிருக்கார்," என்றார். பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். "சர்நேம்ல ஒரு புள்ளி வெச்சுடறேன் சார். சிஸ்டம் ஏத்துக்கும். காலியாவும் இருக்கும்."

வைத்தார். ஹார்மின் மகன் யோஹான் பெயரோடும் ஒரு புள்ளியோடும் உள்ளே போனான்.

"இப்ப வாசிச்சவர் சார். யேசுதாசன். லிஸ்ட்ல இருக்கற சாந்தியாவோட லிங்க் பண்ணணும். ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு கேக்குது. என்ன போடட்டும்?"

"மோன் எண்டு போடும் தம்பி."

மகன் என்று அடித்தார். பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சையாக ஒரு சரி அடையாளம் வந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஐயா மூன்று வருடம் காத்திருந்தார்.